படியேறிய பதினோரு நாள்

சட்டைப் பையைத் துழாவாமல் அக்கா ஒரு துணியையும் தண்ணீரில் போட்டதில்லை. திருகாணி, டெஸ்டர், பாதி தின்ற மிட்டாய் என்று லிஃப்ட் மெக்கானிக் தம்பியின் பைக்குள் ஒரு கடையே இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன நோட்டு வந்தது. அதை நனையவிடாமல் எடுத்தாளே, அதற்காக அவன் இன்றைக்கும் அவளை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான். அன்றைக்கோ பிடுங்கத்தான் ஓடினான்.

"என்னடா இப்படிப் பதறுற? லவ் லெட்டரா?" என்று சிரித்துக்கொண்டே பிரித்தாள் அக்கா.

லவ் லெட்டர் மாதிரிதான் என்று அவனும் நினைத்துக்கொண்டிருந்தான். வேலையில் ஆள் சூரன். ஒரு பழுது ஒரு தரம் வந்தால் தற்செயல்; மூன்று தரம் வந்தால் காரணம் இருக்கிறது; ஆகவே எதையும் நேரம் போட்டுக் குறித்து வை. தொழில் பழகிய நாளில் மண்டையில் ஏறிய பாடம் இது. அதைக் கொண்டுபோய் ஒரு பெண்மேல் வைத்தான் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. அவள் ஐந்தாம் மாடியில், காது பரிசோதிக்கும் கிளினிக்கில் வேலை பார்ப்பவள். லிஃப்ட்டைச் சரிசெய்த அன்று "ரொம்ப தேங்க்ஸ்" என்று சிரித்தாள். அடுத்த வாரமும் சிரித்தாள். மூன்றாம் தரமும் சிரித்ததும் நம்ம ஆள் முடிவே கட்டிவிட்டான். தேங்க்ஸ் சொல்கிறவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள் என்பது அந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. அப்புறம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை எட்டு ஐம்பதுக்கு அந்தக் கட்டடத்தின் கீழே ஆஜர். என்ன குடை, எந்த பஸ், யாரோடு பேசினாள் என்று எல்லாம் நோட்டில் ஏறியது.

அக்கா உரக்கப் படித்தாள். "எட்டு ஐம்பத்திரண்டு. நீலக் குடை. சிரிக்கவில்லை. தலைவலி போல." பக்கம் திருப்பினாள். "லிஃப்ட்டில் ஏறவில்லை. படி. வெட்கம்." இன்னொரு பக்கம். "படி. வெட்கம்." அதற்குமேல் சத்தம் வரவில்லை. கடைசிக் குறிப்பை வாய்க்குள்ளேயே படித்தாள். திங்கள், 9.05. கிளினிக்குக்குப் பெட்டிகள் வரும் நாள், லிஃப்ட்டில்தான் ஏறியாக வேண்டும். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நிறுத்தலாம். ஐந்து நிமிடம் பேசினால் போதும்.

திங்கள் என்றால் மறுநாள். அக்கா வாளிக்குப் பக்கத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பேசத்தான்க்கா. தப்பா எதுவும் பண்ண மாட்டேன், சத்தியமா."

"எத்தனை தரம் படியேறியிருக்கா? எண்ணு. நீதானே எழுதுன?"

எண்ணினான். பதினொன்று.

"மூணு தரம் வந்தா காரணம் இருக்கும்னு பெருசாப் பேசுவியே. பையைத் தூக்கிக்கிட்டு அஞ்சு மாடி, பதினோரு நாள் ஏறியிருக்கா. வெட்கத்துல எவளாவது மூச்சு வாங்க மாடி ஏறுவாளாடா?"

அவன் நோட்டுக்குக் கை நீட்டினான். அக்கா தரவில்லை.

"நான் துணிக்கடை வேலையை ஏன் விட்டேன் தெரியுமா?"

"முதுகுவலின்னு சொன்னியே."

"முதுகுவலியாவது மண்ணாவது. ஒருத்தன் தினமும் பஸ் ஸ்டாப்புல நிப்பான். கையைப் புடிச்சதில்ல, ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல. நிப்பான், அவ்வளவுதான். நான் மூணு பஸ் மாறி வீட்டுக்கு வருவேன். வீட்டுல சொன்னா என்னைத்தான் வெளிய விட மாட்டாங்க." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவனும் அவன் அக்காகிட்ட நல்லவனாத்தான் இருந்திருப்பான்."

தம்பி நோட்டை வாங்கி மறுபடி படித்தான். வெட்கம் என்று எழுதிய இடத்திலெல்லாம் பயம் என்று வைத்துப் பார்த்தால், எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அன்று வேறு வாசல் வழியாகப் போனது, அந்த வாரம் யாரோ ஒருத்தியைத் துணைக்குக் கூட்டி வந்தது, எல்லாமே. அவமானத்தில் உடம்பு கூசியது.

"நாளைக்கே போய் மன்னிப்புக் கேட்டுடறேன்க்கா."

"அதுக்கும் அவ முன்னாடிதானே போய் நிப்பே? உன் மனசு ஆறணும்னு அவ இன்னொரு தரம் நடுங்கணுமா? போனை எடு."

சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். அக்கா ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். ஒன்று விடாமல் அவன் வாயாலேயே சொன்னான். கேட்டு முடித்ததும் அவர், "அந்தக் கட்டடத்து நுழைவு பாஸும் அந்த நோட்டும் நாளைக்குக் காலையில என் மேஜையில இருக்கணும். கிளினிக்ல நான் பேசிக்கிறேன். நீ அந்தத் தெருவுல காலை வைக்கக் கூடாது," என்றார்.

ஏழு மாதம் ஒர்க் ஷாப்பில் மோட்டார் கழுவினான். வாராவாரம் மனநல டாக்டரிடம் அக்காவே இழுத்துக்கொண்டு போனாள். ஆசை என்ன, சொன்னதும் எழுந்து போய்விடுமா? எட்டு ஐம்பது ஆனால் கால் தன்னால் வாசலைப் பார்க்கும். சரியாக அந்த நேரத்துக்கு அக்காவிடமிருந்து போன் வரும். "என்ன பண்ற?" "கிரீஸ் தொடைக்கிறேன்." "சரி, தொடை." இவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் தவறவில்லை. அந்த போன் மட்டும் இல்லாதிருந்தால் தான் என்னவாகியிருப்போம் என்று நினைக்கவே அவனுக்குக் குலை நடுங்கும்.

இரண்டு வருடம் கழித்து, வேறொரு கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறை. கூட வேலை பார்க்கும் குண்டண்ணன் டீயை ஊதிக்கொண்டே, "உன் பழைய கட்டடத்துக்கு நேத்து போயிருந்தேன்டா. அந்த அஞ்சாம் மாடி கிளினிக்குல..." என்று ஆரம்பித்தார்.

அவள் இப்போது லிஃப்ட்டில் ஏறுகிறாளா? அது ஒன்றுதான் தெரிய வேண்டும், வேறெதுவும் வேண்டாம். ஒன்றே ஒன்று. அப்படித்தானே எல்லாம் ஆரம்பித்தது.

"வேணாம்ணே. சொல்லாதீங்க."

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அவன் அக்காவைக் கூப்பிட்டான்.

"என்னடா, இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்."

"சாப்பிட்டியா?"

அதற்குள் மோட்டார் உறுமியது. கம்பிக் கயிறு ஓடத் தொடங்கியது. பழக்கதோஷத்தில் மாடிகளை எண்ணினான். மூன்று, நான்கு, ஐந்து. நின்றது. கீழே எங்கோ கதவு திறந்து யாரோ இறங்கிப் போனார்கள். போனைக் காதில் வைத்தபடி, லேசாக ஆடிக்கொண்டிருந்த கயிறு அசையாமல் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.