மாப்பிள்ளை போனிலிருந்து வந்த படம்

என் தம்பி மகன் சதீஸ்குமாருக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஒருமுறை பஸ்ஸில் போனைத் தொலைத்தான். இறந்துபோன அவன் அப்பாவின் கடைசிப் படங்களும் அதோடு போயின. தகப்பன் படத்தைக் கால்சட்டைப் பையில் போட்டுத் தொலைத்தவன், அதற்குப் பரிகாரமாக ஒரு கறுப்புப் பெட்டி வாங்கிவந்து வீட்டுக் கூடத்தில் டி.வி.க்குக் கீழே வைத்தான். சோற்றுத் தூக்கைவிடச் சின்னது. அதற்குப் பெயர் சர்வர் என்றான். வீட்டு வைஃபை எட்டும் இடத்துக்குப் போன் வந்தால் போதும், கம்பி இல்லாமல், யாரும் தொடாமல், அதிலுள்ள படங்களின் நகல் பெட்டிக்குள் வந்து சேர்ந்துவிடுமாம். போன் தொலைந்தாலும் படம் தொலையாதாம்.

வந்து சேர்ந்தவற்றை நானும் பார்த்தேன். தின்னப்போகிற புரோட்டா, தின்று முடித்த இலை, கண்ணாடி முன்னால் நிற்கிற அவன், மறுபடியும் அவன். இதெல்லாம் தொலைந்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டேன். எனக்குப் புரியாது என்றான். புதிதாக வரும் படங்கள் டி.வி.யில் தானாக ஓடும்படியும் செய்துவைத்தான். கூடத்துக்குள் வருகிறவர்கள் அவன் தின்ற புரோட்டாவைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

ஆவணியில் அவன் தங்கை யுவராணிக்குப் பூ வைக்க வந்தார்கள். தம்பி இல்லாத வீட்டில் அந்தப் பிள்ளைக்கு முன்னால் நிற்க வேண்டியவன் நான். மாப்பிள்ளை மாரிசெல்வம் அருப்புக்கோட்டைக்காரன். அவனுடைய தாய்மாமன் சுந்தரபாண்டிதான் பேச்செல்லாம் பேசியவர். அவர் வாயைத் திறந்தால் பரம்பரைப் பெருமை பந்தல்குடியைத் தாண்டித் தூத்துக்குடிக் கடல்வரை போய்த்தான் நிற்கும். எங்கள் பக்கத்தில் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகு பேச்சு முறிந்தால், குற்றம் யாருடையதாக இருந்தாலும், ஊர் பெண்ணைத்தான் ஏறிட்டுப் பார்க்கும். அதனால்தான் நாள் குறிக்கும் முன்பே, வேறு எங்காவது பேச்சு நடந்ததா என்று கேட்டிருந்தேன்.

"எங்க பையனுக்கு இதுதான் மொத வாசல், அண்ணாச்சி" என்றார் சுந்தரபாண்டி.

அன்று பூக்கூடையைக் கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு நல்ல நேரத்துக்குக் காத்திருந்தோம். காபி கொடுக்கிற நேரத்தில் சதீஸ்குமார் தன் பெட்டியின் புகழைப் பாட ஆரம்பித்தான். விசேஷத்தில் எடுக்கிற படங்கள் ஆளுக்கொரு போனில் சிதறிக் கிடக்க வேண்டாம், எல்லாம் ஒரே இடத்தில் சேரட்டும் என்று சொல்லி, வந்தவர்களின் போனையெல்லாம் வாங்கிப் பெட்டியோடு சேர்த்தான். விருந்தாளிக்குச் செம்பில் தண்ணீர் கொடுப்பதுபோல வைஃபை கொடுத்தான். மாப்பிள்ளையின் போனுக்குத் தனி மரியாதை. அன்றைய படங்களை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில், மொத்தத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டான். படித்த படிப்பு அவ்வளவுதான்.

டி.வி.யில் முதலில் பூக்கூடை வந்தது. பழத்தட்டு வந்தது. பெண்கள் தங்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். எல்லாரும் யுவராணியைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். டி.வி.யைப் பார்த்து உட்கார்ந்திருந்தது அவள் ஒருத்திதான்.

"பெரியப்பா, டி.வி.யப் பாருங்க" என்றாள். குரலில் பதற்றம் இல்லை.

திரும்பினேன். மாரிசெல்வம் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தான். இப்போது போட்டிருந்த அதே சந்தன நிறப் பட்டுச் சட்டை. பக்கத்தில் தலை நிறையப் பூவோடு ஒரு பெண். பின்னால் தட்டைப் பிடித்தபடி சுந்தரபாண்டி, பல்லெல்லாம் தெரிய.

அது சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றார் அவர்.

"அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கிறது மட்டும் உங்க மருமகனாக்கும்?" என்றாள் யுவராணி.

அதற்கு மேல் சொந்தக்காரர் கதை நிலைக்கவில்லை. பாலவனத்தத்தில் ஓர் இடம், தையில் பூ வைத்தது, பேச்சு நின்றுபோய்விட்டது என்று இழுத்தார். நின்றுபோனால் அந்த வீட்டுக்குப் போய்ப் பெரியவர்கள் முன்னால் வெற்றிலை பாக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். சுந்தரபாண்டி மின்விசிறியைப் பார்த்தார். பதில் சொன்னது மாப்பிள்ளை.

"இங்க முடிஞ்சப்புறம் குடுத்துக்கலாம்னு மாமா சொன்னாக."

எங்கள் சந்தையில் ஆட்டுக்குட்டிக்கு விலை பேசுகிறவன்கூட ஒன்றின் கயிற்றை விட்டுவிட்டுத்தான் அடுத்ததைப் பிடிப்பான். இவர்கள் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு கயிற்றையும் பிடித்திருந்தார்கள். கூடையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"அடுத்தவன் போன்ல திருடுற வீடுன்னு தெரியாமப் போச்சு" என்றார் சுந்தரபாண்டி.

அவர் அன்று பேசியதில் அந்த ஒரு சொல்லில் நியாயம் இருந்தது. கேளாமல் வந்த பொருள் எங்கள் வீட்டில் தங்கக் கூடாது. அவர்கள் போனிலிருந்து வந்தது, நம் ஆட்கள் இன்றைக்கு எடுத்தது, அவரவர் போனில் உள்ளதுகூட, எல்லாவற்றையும் அவர்கள் கண் முன்னாலேயே அழிக்கும்படி சதீஸ்குமாரிடம் சொன்னேன். அவன் என் காதருகே வந்தான். நாளைக்கு இவர்கள் தங்கச்சியைத்தான் குறை சொல்வார்கள், அந்த ஒரு படமாவது கையில் இருக்கட்டும் என்றான்.

"அதுல இருக்கது இன்னொரு வீட்டுப் பிள்ளைடா. அழி."

அழித்தான். அழித்துவிட்டேன் என்று எல்லாருக்கும் காட்டவும் செய்தான்.

"அழிச்சது குப்பைத் தொட்டியில கிடக்கும், பெரியப்பா. அதையும் காலி பண்ணச் சொல்லுங்க" என்றாள் யுவராணி.

அவன் முகம் போன போக்கை யாரும் படம் எடுக்கவில்லை. குப்பைத் தொட்டியும் காலியானது. முறைக்குச் சாப்பிட்டுப் போகச் சொன்னேன். அவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சதீஸ்குமார் சொன்னபடியே நடந்தது. பெண் பார்க்கத்தான் போனோம், பூ வைக்கப் போகவே இல்லை, பெண்ணிடம் ஏதோ குறை, அதனால் எழுந்து வந்துவிட்டோம் என்று அருப்புக்கோட்டையில் சுந்தரபாண்டி சொல்லித் திரிந்தார். விசாரிக்க வந்த ஓர் இடம் வாசலோடு நின்றது. யுவராணியின் அம்மா செல்வலட்சுமி என் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள். சதீஸ்குமார் பெங்களூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், அந்தப் படம் மட்டும் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தான். யுவராணி மட்டும் எப்போதும்போல விருதுநகர் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தாள்.

புரட்டாசியில் ஒரு காலை, சதீஸ்குமார் லீவில் வந்திருந்தபோது, பாலவனத்தத்திலிருந்து இருளாண்டி என்பவர் வந்தார். அந்தப் பெண்ணின் தகப்பன். கையில் ஒரு துணிப்பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க பிள்ளை படம் உங்க வீட்டுல இருக்குன்னு ஊர்ல பேசிக்கிறாகய்யா."

"இல்ல. அழிச்சாச்சு."

"எதுக்கு அழிச்சீக?"

"உங்க பிள்ளை படம் என் வீட்டுல எதுக்கு?"

அப்போதுதான் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். அவர்கள் இங்கே பூக்கூடையோடு வந்தது நிஜம்தானா என்று கேட்டார். சுந்தரபாண்டி சத்தியம் பண்ணி மறுக்கிறாராம். கூடையை இந்தக் கூடத்தில்தான் இறக்கினார்கள் என்றேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. பையில் அவர்கள் தையில் கொடுத்த தட்டும் சேலையும் இருக்கிறது, வெற்றிலை பாக்கு புதிதாக வாங்கியிருக்கிறேன், திருப்பிக் கொடுக்கப் போகிறேன், கூட ஒரு பெரிய மனுஷன் வர முடியுமா என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டேன்.

சதீஸ்குமார்தான் கார் ஓட்டினான். இதையாவது போனில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று வழியில் கேட்டான். ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

சுந்தரபாண்டி வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. இருளாண்டி தட்டை நீட்டினார். எங்கள் வீட்டுக்கு அவர்கள் பூ வைக்க வந்ததை நான் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

"ஆதாரம் இருக்கா, அண்ணாச்சி?" என்றார் சுந்தரபாண்டி. பக்கத்தில் நின்ற மாரிசெல்வம் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான் வந்திருக்கேன்ல" என்றேன்.

தெருவில் ஒருவரும் படம் கேட்கவில்லை. தட்டை வாங்கச் சொல்லி அவர் பங்காளியே சத்தம் போட்டார். வாங்கிக்கொள்ளும்போதும் சுந்தரபாண்டியின் கண் என் சட்டைப் பையிலேயே இருந்தது. உள்ளே போன் இருக்குமோ என்று பயம். அதில் என் மூக்குக்கண்ணாடிக் கூடுதான் இருந்தது.