மாமனுக்கு வெட்டிய குழி

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் லத்தீப். ஹாலிஎலயில் ஆட்டோ ஓட்டும் றோய். தெமோதரையில் கொழுந்து பறிக்கும் றீட்டா. கடைசிக் கதிரையில், வெள்ளைத் துணியும் சாம்பிராணியும் உள்ள பையை மடியில் வைத்துக்கொண்டு ஜனுஷன். அது நான்.

குடியை விட நினைக்கிறவர்கள் ஞாயிறு மத்தியானம் மாதா கோயிலுக்குப் பின்னால் கூடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் நேர்ஸ் சொல்லியிருந்தாள். எந்த அறை என்று சொல்லவில்லை. முதலில் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தேன். பையிலிருந்த துணியைப் பார்த்து எல்லாரும் அனுதாபம் சொன்னார்கள். பிளேன்டீயும் கொடுத்தார்கள். குடித்து முடித்த பிறகுதான் அது மரண உதவிச் சங்கக் கூட்டம் என்று தெரிந்தது.

"சொல்லுங்க தம்பி" என்றார் லத்தீப்.

சொன்னேன். தோட்டத்துத் தேயிலை ஆலையில், ஸ்டோரில், இரவு வேலையை விட்டுவிட்டேன். விடியக்காலை தேயிலைச் சூட்டோடு வெளியே வந்தால் கால் தானாகச் சாராயத்தைத் தேடிப் போகும். வேலையை விட்டதிலிருந்து குடிக்கவில்லை. இன்று காலை என் தாய்மாமன் தங்கராஜா செத்துப்போனார். துணி, சாம்பிராணி, இரண்டு போத்தல் சாராயம் வாங்கி வரச் சொல்லி என்னைப் பதுளைக்கு அனுப்பினார்கள். முதல் இரண்டையும் வாங்கிவிட்டேன்.

"போத்தல் எதுக்கு?" என்று கேட்டார் லத்தீப்.

"குழி வெட்டுறவங்களுக்கு. தாய்மாமனுக்கு மருமகன்தான் மொத மண் வெட்டணும். அதுக்கு முன்னால மொத கிளாஸ் அவன் கையில. அவன் குடிக்காம வேற ஒருத்தரும் மம்பட்டியத் தொட மாட்டாங்க."

"மருந்து எடுக்கிறேன்னு சொல்லிப் பாரு" என்றாள் றீட்டா.

"எங்க லயத்து வீடுகள்ல மருந்தே அதுலதான் முழுங்குவாங்க, அக்கா."

றோய் சிரித்தான். லத்தீப் சிரிக்கவில்லை. "எங்க ஆளுங்களும் மௌத்தாகத்தான் செய்றாங்க. வெறும் தண்ணியக் குடிச்சிட்டுத்தானே கபுறுக்குழி வெட்டுறோம். மண்ணு ஒண்ணும் கோவிச்சுக்கல. எத்தன பேர் வேணும்?"

"நாலு."

அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "நாலுதான் இருக்கோம்."

"அக்காவையும் சேத்தா?" என்றான் றோய்.

"மலையில தண்ணிக் கான் வெட்டுறவடா நான். நீ ஸ்டியரிங் புடிச்சே இளைச்சுப் போனவன்" என்றாள் றீட்டா.

மறுநாள் காலை எங்கள் தோட்டத்துக்குப் போகும் நமுனுகுல ஏற்றத்தில் றோயின் ஆட்டோ முக்கி முனகி வந்து நின்றது. பின்னால் இரண்டு மம்பட்டி, கல் நெம்ப ஒரு அலவாங்கு.

மயானத்தில் மாமாவின் மகன் பிரதீஷும் அவன் கூட்டாளிகளும் ஏற்கெனவே குந்தியிருந்தார்கள். நான் போத்தல் வாங்கி வராததால் அவன் எங்கிருந்தோ கள்ளச்சாராயம், கசிப்பு, கொண்டு வந்திருந்தான். விடிந்ததிலிருந்தே அதில் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

"பொம்பள இங்க வரலாமா?" என்றான் ஒருவன்.

"செத்தா மட்டும் வரலாமாக்கும்?" என்றாள் றீட்டா. அவன் நகர்ந்து இடம் விட்டான்.

பிரதீஷ் தரையில் ஒரு சொட்டு ஊற்றிவிட்டுக் கிளாஸை என் முகத்துக்கு நேராக நீட்டினான். வாடை மூக்கில் ஏறியது. வாய் ஊறியது. நான் நின்ற இடத்தில் நின்றேன்.

"வேணாம்."

"எங்கப்பாவுக்காக ஒரு வாய் குடிக்க மாட்டியா, மச்சான்? உனக்கு மொத மொத ஊத்திக் குடுத்த கைடா அது."

"அந்தக் கை இப்ப பெட்டிக்குள்ள கெடக்கு. எதனால கெடக்குன்னு நீயே சொல்லு."

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் அடிக்கவில்லை. கிளாஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நான் குனிந்து முதல் மண்ணை வெட்டினேன். அடுத்த வெட்டு லத்தீபுடையது. பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. தேயிலை வேர், கல், மறுபடி வேர். றீட்டா அலவாங்கால் நெம்பிக் கொடுத்த கல்லை றோய் திட்டிக்கொண்டே தூக்கிப் போட்டான். கூட்டாளிகளில் இரண்டு பேர் வெட்கப்பட்டு எழுந்து வந்து மண் அள்ளினார்கள்.

எங்கள் தோட்டத்தில் பெட்டி ஒரே தடவையில் இறங்கியதாக எனக்கு நினைவில்லை. போதையில் வெட்டும் குழி ஒரு பக்கம் கோணலாகும், இல்லை குட்டையாகும். பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு மறுபடி வெட்டுவார்கள். சொந்தக்காரர்கள் அழுவதா பார்ப்பதா என்று தெரியாமல் நிற்பார்கள்.

அன்றைக்கு மாமாவின் பெட்டி கயிற்றில் நேராக இறங்கியது. எங்கும் முட்டவில்லை.

"யாருடா வெட்டுனது?" என்றார் கங்காணி. "பச்சத்தண்ணி கோஷ்டி" என்று யாரோ நக்கலாகச் சொன்னார்கள். கங்காணி சிரிக்கவில்லை. குழியின் ஓரத்தைக் காலால் தட்டிப் பார்த்து, "ஓரம் நேரா நிக்குது" என்றார். லத்தீப் மண் ஒட்டிய கையோடு என் முதுகில் ஓங்கித் தட்டினார். மாமாவின் சாவில் சிரிக்கக் கூடாது. எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு முழுசாகச் சிரித்தேன்.

பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு அவர்கள் மூவரும் கிளம்பினார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரிக்க மாட்டார்கள் என்பதால் என் மனைவி மேனுஷா எங்கள் வீட்டில் சமைத்து வைத்திருந்தாள்.

இருட்டத் தொடங்கும்போது பிரதீஷ் வாசலுக்கு வந்தான். இடுப்புச் சாரத்தில் போத்தல் முட்டிக்கொண்டு தெரிந்தது.

"பாதி அப்படியே இருக்கு, மச்சான்" என்றான். "இப்ப ஆளில்ல. ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும். சாப்பிட வா. அத வெளிய வச்சிட்டு வா."

"வச்சா எவனாவது எடுத்துருவான்."

"எடுக்கட்டும்."

மேனுஷா தட்டைக் கழுவி, சோறு போட்டுக் கீழே வைத்தாள். லயத்துக் கோடியில் அவன் கூட்டாளிகள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிரதீஷ் அந்தப் பக்கம் பார்த்தான். சோற்றைப் பார்த்தான். பிறகு போத்தலை உருவி வாசல் கானோரத்தில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே வந்தான்.

வெளியே போத்தலை நோக்கிக் கால்கள் ஓடி வரும் சத்தம். நான் அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, பூட்டினேன்.