நாற்பத்தோராவது மணி

விமானத் தொழிற்சாலையின் உணவுக்கூடத்தில் முட்டைக்கோசு சூப் ஆறிக்கொண்டிருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்காமல் ஹெட்விக் கரண்டியைக் கீழே வைத்தாள். இன்ஜின் சோதனைக் கொட்டகையில் வெப்ப அளவுகளைக் குறிக்கும் வேலை அவளுக்கு. புதிய போர்விமானத்துக்கு இரண்டு இன்ஜின்கள் போட்டியில் இருந்தன. காற்றால் குளிரும் வட்ட இன்ஜின் நூறு மணி நேரம் ஓடியும் முனகவில்லை. தண்ணீரால் குளிரும் நீள இன்ஜினில் நாற்பத்தோராவது மணியில் பேரிங் உருகி, கூரைவரை தீ எழுந்தது. ஆனால் நீள இன்ஜினை வைத்தால் விமானத்தின் மூக்கு ஒடுங்கும், உயரத்தில் வேகம் கூடும். பெர்லினுக்கு அதுதான் பிடித்திருந்தது. முந்தாநாள் தலைமைப் பொறியாளர் கோல்பே அவளைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"நாப்பது மணியோட நிறுத்தி எழுதும்மா. அதுக்கு மேல ஓடவே இல்ல, புரியுதா? வாயத் தொறந்த ஷ்டோல்ட்ஸ எங்க கொண்டு போனாங்கன்னு அவன் பெஞ்சாதிக்கே இன்னும் தெரியல."

எழுதிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று பெர்லினிலிருந்து வந்த கர்னலின் முன்னால் அந்த வகை இன்ஜின் ஒன்று பறக்க வேண்டும். எரிந்துபோனதன் அதே வார்ப்பு, இதுவும் தரையிலேயே நாற்பது மணி ஓடி முடித்தது. ஓட்டப் போகும் ஆன்ஸ்கார் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"என்ன ஹெட்விக், என் சாவுக்கு இப்பவே பட்டினி கெடக்குறீங்களா?" என்று சிரித்தான்.

பக்கத்து மேசையில், சட்டையில் ஆளுங்கட்சிச் சின்னம் குத்திய கண்காணிப்பாளர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஹெட்விக் குனிந்து, சூப்பிடம் பேசுவதுபோல், "முழு விசை வைக்காதீங்க," என்றாள். "நாப்பது மணி தாண்டுனா பத்திக்கும். நான் எழுதுனது பொய்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "பறக்கலன்னா நாளைக்கே என்னை ருஷ்யப் போர்முனைக்கு அனுப்பிருவாங்க."

"பறங்க. விசைய மட்டும் கொறச்சுக்குங்க."

பக்கத்து மேசையில் ரொட்டி பிய்த்த கைகள் நின்றிருந்தன.

ஓடுதளத்தின் ஓரத்தில் எல்லாரும் பார்த்து நிற்க, பதினோரு நிமிடம் விமானம் ஒழுங்காகச் சுற்றியது. பிறகு விசை குறைந்து சத்தம் இறங்கியது. மூக்கிலிருந்து கறுப்பாய் ஒரு புகைக்கோடு நீண்டது. ஹெட்விக் உதட்டைக் கடித்தாள். இரத்தம் உப்புக் கரித்தது. விமானம் சரிந்து, புல்லில் உராய்ந்து நின்றது. ஆன்ஸ்கார் இறங்கி நடந்து வந்தான். முகமெல்லாம் எண்ணெய், கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

கர்னல் குரலை உயர்த்தவே இல்லை. "புகை அப்புறம்தான் வந்துச்சு. நீ முன்னாடியே விசையக் கொறச்ச. ஏன்?"

"அதுக்கு முன்னாடியே இன்ஜின் சத்தம் மாறுச்சு ஐயா."

"எங்க காதுல விழலையே. உனக்கு யாரோ சொல்லியிருக்காங்க. யாரு?"

"யாரும் சொல்லல ஐயா."

"சரி. அப்ப வேணும்னே கெடுத்திருக்க. இவனைக் கூட்டிட்டுப் போங்க."

இரண்டு காவலர்கள் அவன் முழங்கைகளைப் பிடித்தார்கள். கோல்பே தன் காலணியைப் பார்த்தார். ஆன்ஸ்கார் எல்லாரையும் பார்த்தான், அவளிருந்த பக்கத்தைத் தவிர.

ஹெட்விக் கர்னலை நோக்கி அடி எடுத்து வைத்தாள். சரளைக்கல் நொறுங்கும் ஓசை கேட்டு, அவளுக்கு முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்க்காமலே, ஒருவர் பின் ஒருவராக விலகி வழிவிட்டார்கள்.