உப்பு பார்க்காத கை

கோழியைத் தொடுவதற்கு முன்பே பொன்னம்மை ஒரு முறை குளித்துவிட்டாள். தொட்ட பிறகு இன்னொரு குளியல் எப்படியும் இருக்கிறது.

மாடியில் வாடகைக்கு இருக்கும் மலையாளப் பெண் அஞ்சு, மணக்காட்டுக் கடையில் எலும்பில்லாத கோழி வாங்கி, தன் வீட்டிலேயே கழுவி, விரல் நீளத்துக்கு நறுக்கி, மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் கொண்டுவந்து வைத்திருந்தாள். ஸ்ரீவராகத்தில் இந்த வீட்டு அடுக்களைக்குள் கோழி நுழைவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்த வினையைத் தீர்க்கத்தான் இந்த இரண்டாவது.

புருஷன் பகவதிப்பெருமாள் வாசலில் நின்று செருப்பைத் தேடினார்.

“தங்கபாண்டி வீடு வரைக்கும் போயிட்டு வாறேன். வாடை போனப்புறம் போன் பண்ணு.”

“மக இன்னிக்கு நாட்டை விட்டே போறா. நீங்க வாடைக்குப் பயந்து ஓடுதீங்க.”

“ஆறு மணிக்கு கார் வந்துரும். ஏர்போர்ட்டுல கொண்டு விட நான் உண்டு. கோழிக்கு நான் இல்ல.” ஒரு செருப்பை மாட்டியவர் மற்றதை மாட்டாமல் நின்றார். “பொன்னம்மா, ஒண்ணு கேக்கட்டா? நீ வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை சொன்னா தீர்ந்துச்சு. அதுக்கு எதுக்கு ஒரு கோழியக் கொல்லணும்?”

பொன்னம்மை அடுக்களைக்குள் திரும்பினாள். ஆயிரம் சொல் பேசுகிறவளுக்கு அந்த ரெண்டு வார்த்தை மட்டும் ஆறு வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது. கை செய்யும், வாய் வராது. அப்படி ஒரு பிறவி.

ஆறு வருஷத்துக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை. புருஷனோடு சுசீந்திரத்துக்குக் கிரகப்பிரவேசத்துக்குப் போனவள், இருட்டித்தான் வருவோம் என்று சொல்லிவிட்டு மத்தியானப் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள். நடையில் கால் வைத்தபோதே வாடை. உள்ளே மகள் திவ்யலட்சுமி, அப்போது இருபத்து மூன்று வயசு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு அடுப்பில் எதையோ பிரட்டிக்கொண்டிருந்தாள். டெக்னோபார்க்கில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கம்பெனியில் ஜப்பான் மொழி வகுப்பு நடந்தது. வகுப்பில் கேள்விப்பட்டதைச் செய்து பார்க்கும் ஆசை வந்திருக்கிறது. யாகிசோபா என்று பெயர். நூடுல்ஸையும் கோழியையும் முட்டைக்கோஸையும் அகலமான பாத்திரத்தில் போட்டுப் பெரிய தீயில் பிரட்ட வேண்டுமாம். வீட்டில் இருந்த அகலமான பாத்திரம் ஒன்றே ஒன்று. சாமிக்குப் பாயசம் வைக்கிற வெண்கல உருளி.

சைவ வேளாள வீடு. முட்டைகூட நடை தாண்டியதில்லை. பொன்னம்மை உருளியைத் துணி சுற்றிக்கூடப் பிடிக்கவில்லை. வெறுங்கையால் தூக்கிக்கொண்டு போய்ப் பின்புறத்தில் தென்னை மூட்டடியில் கவிழ்த்தாள். கை வெந்தது. வெந்த கையோடு திரும்பி வந்து சொன்னாள்: “இனி இந்த அடுக்களை நிலைய நீ தாண்டப்பிடாது. தாண்டினா நான் ஒனக்கு அம்மை இல்ல.”

ஊர் உலகத்து அம்மைமார் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லுகிற சொல்தான். சாயங்காலக் காப்பிக்குள் மறந்துபோகிற சொல்.

அடுக்களையைக் கழுவும்போது மேல்தட்டில் ஒரு சின்னப் பாத்திரம் மூடி வைத்திருந்தது தெரிந்தது. திறந்தாள். அதே நூடுல்ஸ், வெறும் காய்கறி போட்டது. கோழி விழுவதற்கு முன்னால் தனியாக எடுத்து வைத்த பங்கு. அது யாருக்கு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கோபம் இறங்காத பொன்னம்மை அதையும் கொட்டினாள்.

திவ்யா அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. அடுத்த மாசம் கழக்கூட்டத்தில் ஹாஸ்டல் பார்த்துப் போனாள். ஆபீஸ் பக்கம் என்றாள். வராமலும் இருக்கவில்லை. மாசம் ஒரு தடவை வருவாள், சிரிப்பாள், அப்பாவைக் கிண்டல் செய்வாள், ஓணத்துக்குப் புடவை எடுத்துத் தருவாள். அடுக்களைக்குள் மட்டும் வரமாட்டாள். தாகம் எடுத்தால் ஹாலில் இருந்தபடியே, “அம்மா, கொஞ்சம் தண்ணி” என்பாள். சாப்பிட்ட தட்டை வெளிக்குழாயில் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். “மக்ளே, அந்த நெய்ப் பாத்திரத்த எடு” என்று பொன்னம்மை உள்ளிருந்து எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டாள். “அப்பா எடுத்துத் தருவாங்க” என்று பதில் வரும். குரலில் ஒரு முள் இருக்காது. முள் இருந்திருந்தால் பிடுங்கியிருக்கலாம்.

இப்போது நகோயாவுக்குப் போகிறாள். ரெண்டு வருஷம் என்கிறார்கள், நாலும் ஆகலாம். போவதற்கு முன்னால் ஒரு தடவை அவள் அந்த நிலையைத் தாண்ட வேண்டும். பொன்னம்மைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அஞ்சு படியிறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரெண்டு மணி டியூட்டி.

“ஆன்ட்டி, பத்து மினிட் உண்டு. முடிஞ்சதும் உப்பு நோக்கிட்டு போகட்டே?”

பொன்னம்மைக்குச் சிரிப்பு வந்தது. “உப்பா? எனக்கா? முப்பத்தஞ்சு வருஷமா ஒரு சொட்டு நாக்குல வச்சு நான் உப்பு பாத்தது கிடையாது, கேட்டியா. சாமிக்குப் படைக்கதுக்கு முந்தி யாராவது ருசி பாப்பாளா? கண்ணு பாக்கும், மூக்கு பாக்கும். இன்னிக்கு வரை ஒரு கல்லு கூடினதில்ல, குறைஞ்சதில்ல.”

“இது சாம்பார் அல்லல்லோ ஆன்ட்டி.”

“எல்லாம் அடுப்புல வேகுறதுதானே. நீ போ பிள்ளே, பஸ் போயிரும்.”

“எனிக்கு கொஞ்சம் வெக்கணே.”

“வைக்கேன், வைக்கேன்.”

புதுசாக வாங்கிய வாணலியை அடுப்பில் ஏற்றினாள். மூக்கைச் சுற்றி ஈரிழைத் துவர்த்துத் துண்டு. அஞ்சு கொடுத்த பாத்திரத்தின் மூடியைத் திறந்ததும் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டினாள். கரண்டியால் எடுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தாள். என்ன தோன்றியதோ, கையாலேயே அள்ளினாள். குளிர்ந்து வழுக்கியது. அன்றைக்கு வெந்த அதே கை. உப்பும் மிளகுப்பொடியும் பிசிறி எண்ணெயில் போட்டாள்.

நூடுல்ஸ் வேகவைத்த தண்ணீரில் உப்பு போட்டிருந்தாள். முட்டைக்கோஸும் காரட்டும் குடைமிளகாயும் வதக்கும்போது காய்க்கென்று ஒரு கை போட்டாள். உப்பில்லாமல் காய் வதக்க அவளுக்குக் கை வராது. கடைசியில் சோயா சாஸ். அஞ்சு காட்டிய வீடியோவில் நூடுல்ஸ் நல்ல கரும்பழுப்பாக மினுங்கியது. பொன்னம்மை ஒரு கரண்டி ஊற்றினாள், வெளுத்துக் கிடந்தது. இன்னொன்று. இன்னும் ரெண்டு. புளியை எப்படி அளப்பாள்? நிறத்தை வைத்துத்தான். வெல்லமும் அப்படியே. நிறம் வரும்வரை ஊற்றினாள்.

சோயா சாஸில் நிறத்துக்கு ஒரு வகை, உப்புக்கு ஒரு வகை என்று இருப்பதும், தன் கையில் இருப்பது ரெண்டாவது வகை என்பதும் அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மேலே வெள்ளை எள்ளைத் தூவிப் பார்த்தபோது வீடியோவில் கண்டதைவிட அழகாக இருந்தது.

மறுபடி குளித்து ஈரத்தலையோடு வந்தபோது, ரெண்டு பெரிய பெட்டிகளோடு திவ்யா நடையில் நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

“அம்மா, மேல அஞ்சு சமைக்காளா?”

“மேல இல்ல. இங்க.”

தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள் பொன்னம்மை. திவ்யா தட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கண் ஒரு நிமிஷம் மினுங்கியது. பிறகு முள்கரண்டியை எடுத்தாள்.

முதல் வாய். பொன்னம்மை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடை ஒரு நொடி நின்றது, திரும்ப அசைந்தது.

“எப்பிடி இருக்கு?”

“நல்லா இருக்கும்மா.”

“நெசமாவா?”

“சூப்பர்.”

திவ்யா சாப்பிட்டாள். நிறுத்தாமல், குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். நடுநடுவே தண்ணீர். ஒரு டம்ளர், ரெண்டு, மூன்று. பக்கத்தில் வைத்திருந்த செம்பு காலியானது. தட்டில் கால்வாசி பாக்கி.

“அம்மா, கொஞ்சம் தண்ணி.”

பொன்னம்மை எழுந்திருக்கப் போனாள்; வேண்டுமென்றே உட்கார்ந்துகொண்டாள். “எனக்கு முட்டு வலிக்கு மக்ளே. உள்ள பானையில இருக்கு. நீயே எடுத்துக்கோ.”

திவ்யா அடுக்களைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். “சாரமில்லம்மா, இருக்கட்டும். எங்கிட்ட பாட்டில் இருக்கு.” தோள்பையைத் திறந்து, வழிக்கென்று வைத்திருந்த பாட்டிலை எடுத்து மடக்மடக்கென்று குடித்தாள்.

அவ்வளவுதான். ரெண்டு குளியல், ஒரு கோழி, எல்லாம் ஒரு பாட்டில் தண்ணீரில் போயிற்று. அப்போதுதான் பொன்னம்மைக்கு அந்த வார்த்தை வந்தது. யாரோ பின்னால் நின்று தள்ளிவிட்டதுபோல.

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு மக்ளே. சொல்லியிருக்கப்பிடாது.”

திவ்யா பாட்டிலை மூடினாள். “ஐயோ, அது எப்பவோ போச்சும்மா. உருளியில செஞ்சது என் தப்பு. எனக்குக் கோபமே இல்ல. சத்தியமா.”

“பின்ன ஏன் நீ உள்ள வரமாட்டேங்க?”

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். “தெரியல. ஆபீஸ்ல வேற கம்பெனி மாடிக் கதவுல நம்ம கார்டு வேலை செய்யாதுல்லா? ரெண்டு தடவை வச்சுப் பாப்போம், அப்புறம் அந்தப் பக்கமே கால் போகாது. அது மாதிரி. பழகிப்போச்சு, அவ்வளவுதான். நீ மனசுல வைக்காத.”

கோபம் இருந்தால் காலில் விழுந்தாவது தீர்க்கலாம். பழக்கத்தை என்ன செய்ய? பொன்னம்மை எழுந்து அடுக்களைக்குள் போனாள். முட்டு வலி என்று சொன்னது அவளுக்கே மறந்துவிட்டது. அஞ்சுவுக்கு எடுத்து வைக்க ஒரு கிண்ணத்தைத் தேடினாள். வாணலியில் பாதி நூடுல்ஸ் ஆறிக் கிடந்தது.

மூன்று டம்ளரும் ஒரு பாட்டிலும். எதற்கு இந்தப் பிள்ளை இவ்வளவு தண்ணீர் குடித்தாள்?

முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தன் கைமேல் சந்தேகம் வந்தது. ரெண்டு விரலால் ஒரு கொத்து நூடுல்ஸை எடுத்தாள். ஒரு துண்டு கோழியும் ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டிவிடவில்லை. வாய்க்குக் கொண்டுபோனாள்.

“அம்மா!”

ஹாலில் நாற்காலி சாய்ந்து விழுகிற சத்தம். திவ்யா பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “என்ன செய்ய நீ? கிறுக்கு பிடிச்சிருக்கா? துப்பு! துப்பும்மா!”

அதற்குள் பாதி வாயில் போய்விட்டது. நாக்கில் பட்டது கோழியா எது என்று பொன்னம்மைக்குத் தெரியவில்லை. உப்பு. வெறும் உப்பு. சங்குமுகத்துக் கடலில் முங்கி எழுந்தவள்போலக் கண்ணில் நீர் கட்டியது. துப்பாமல் விழுங்கினாள்.

“இதையா நீ தட்டு நெறைய தின்ன?”

“பின்ன என்ன செய்யச் சொல்லுக?” திவ்யாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து மூச்சு முட்டியது. “இது நூடுல்ஸா, உப்பளமா? தண்ணியில உப்பு, காய்ல உப்பு, அது மேல சாஸு. சாஸ் பாட்டில்ல எழுதினத வாசிக்கவே மாட்டியா? அஞ்சுகிட்ட ஒரு வாய் குடுத்துப் பாக்கப்பிடாதா? ஒனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு இது!”

திட்டு விழுந்துகொண்டேயிருந்தது. பொன்னம்மை குனிந்து மகளின் கால்களைப் பார்த்தாள். அடுக்களைத் தரையில், அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நினைவு வந்து திரும்பிவிடுவாளோ என்று பயம். இந்தத் திட்டை அன்றைக்கே, அந்த உருளி முன்னால் நின்று திட்டியிருக்கலாம் இவள். திட்ட விட்டிருக்கலாம் நான். ஆறு வருஷம் ஹாலில் உட்கார்ந்து ‘நல்லா இருக்கும்மா’ என்று எதை எதையெல்லாம் முழுங்கினாளோ.

“வேற நூடுல்ஸ் இருக்கா?” திவ்யா வாணலியை அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

“ஒரு பாக்கெட் உண்டு. எதுக்கு? ஒனக்கு நேரமாகுமே.”

“அஞ்சுவுக்கு இதையா குடுப்ப? அவ டியூட்டி முடிஞ்சு வந்து இதத் தின்னா, அவளையே வார்டுல படுக்கப் போடணும். உப்பில்லாம கொஞ்சம் வேக வச்சு இதோட சேத்துப் பிரட்டலாம். ஒரு மூடி எலுமிச்சை. கொஞ்சம் சீனி.” பேசிக்கொண்டே ஜன்னலுக்கு அடுத்த சுவரில் கையை நீட்டினாள். அங்கே பழைய அலமாரித் தட்டு இல்லை. “சீனி இங்கதானே இருக்கும்?”

“மூணு வருஷம் முந்தி மாத்தியாச்சு மக்ளே. புது அலமாரி போட்டோம்லா.”

திவ்யா கையை இழுத்துக்கொண்டாள். சுற்றிப் பார்த்தாள். அடுப்பு பக்கம் மாறியிருந்தது. தொட்டிக்கு மேலே குழாய் வேறு. பிறந்து வளர்ந்த வீட்டு அடுக்களையில், லாட்ஜில் சுவிட்ச் தேடுகிறவள்போல அவள் கை தடவியது. ஒரு கதவைத் திறந்தாள், தட்டுகள். அடுத்தது, பருப்பு டப்பாக்கள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பத்து.

“எங்கம்மா இருக்கு? சொல்லு சீக்கிரம்.”

சீனி கீழ்வரிசையில் இடதுபக்கம் கடைசிக் கதவுக்குள் இருந்தது. பொன்னம்மைக்கு அது கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

“அங்கதான் எங்கயோ இருக்கும்,” என்றாள். “நல்லாத் தேடிப் பாரு மக்ளே.”