பிரார்த்தனைப் பட்டியலில் மார்லிஸ்

ஞாயிறு ஆராதனையில், நோயாளிகளுக்கான பிரார்த்தனைப் பட்டியலை வாசித்துக்கொண்டு வந்த போதகர், ஆறாவது பெயராக, "நம்ம மார்லிஸ் டோலெஃப்சன், லேசர் சிகிச்சை" என்றார். மார்லிஸுக்குக் காது வரைக்கும் சுட்டது. பக்கத்தில் இருந்த புருஷன் ஆர்டன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்த அவன் விரல்கள் மட்டும் வெளுத்துப்போயின.

எல்லாம் வெர்னா பார்த்த வேலை. மினியாபொலிஸ் கிளினிக்குக்கு மூன்று தடவையும் காரோட்டிக்கொண்டு போன சிநேகிதி அவள். எதற்கு என்று கேட்டபோது, "லேசர்" என்று மட்டும் சொல்லி மார்லிஸ் வாயை மூடிக்கொண்டாள். எந்த இடத்தில் என்று சொல்ல நா எழவில்லை. சொல்லாமல் விட்டதை வெர்னா புற்றுநோய் என்று எடுத்துக்கொண்டாள். அந்த ஊரில் ஒருத்திக்கு நோய் என்று காதில் விழுந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வேகவைத்த தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சனிக்கிழமையே மூன்று தட்டு வந்திருந்தது. சர்ச் விருந்தில் மிஞ்சியது என்று நினைத்து ஆர்டன் இரண்டைக் காலி செய்திருந்தான்.

விஷயம் இதுதான். மாதவிடாய் நின்ற பிறகு, நாலு வருஷமாக, ஆர்டன் நெருங்கினால் அவளுக்கு உள்ளே உப்புத்தாளால் தேய்ப்பதுபோல் எரிந்தது. தலைவலி என்றாள், அசதி என்றாள், கடைசியில் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்தாள். போன குளிர்காலத்தில் அவன் தன் குறட்டையைச் சாக்கு சொல்லிக் கீழ்த்தளத்து சோபாவுக்குப் போய்விட்டான். களிம்புகள் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. லேசர் எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, இன்னும் முழுசாக நிரூபணமாகவில்லை என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். பார்த்துவிடலாம் என்றாள் மார்லிஸ். ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிஷம், கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். இரண்டாவது தடவைக்குப் பிறகு எரிச்சல் விட்டுப்போயிருந்தது. ஆனால் கீழே போனவனை மேலே கூப்பிடத்தான் வார்த்தை வரவில்லை.

வண்டியில் ஏறியதும் ஆர்டன் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான்.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு? கட்டினவன் நான், மைக்ல கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா? எங்க வந்திருக்கு, மார்லயா?"

"இன்னும் கீழ."

அவன் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கூச்சம் போன இடம் தெரியவில்லை.

"புத்துநோய் இல்ல, ஆர்டன். நீ தொட்டா வலிச்சுது. அதுக்குத்தான் வைத்தியம்."

கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி மீதியையும் சொல்லி முடித்தாள்.

"அப்போ என்னைப் பிடிக்காமப் போகலையா?" என்றான் அவன்.

"யார் சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. அந்த மீன்பிடி படகு வாங்கினேனே, அந்தக் கோவம்னு நெனச்சிட்டேன்."

"படகுக்கும் கோவம்தான். அது தனி."

ஆர்டன் சிரிக்கப் பார்த்தான். மூக்கைச் சிந்த வேண்டியதாயிற்று. வெர்னா இன்னொரு தட்டோடு வண்டியை நோக்கி வருவதைப் பார்த்து, அவசரமாகக் கிளப்பினான். பெரிய சாலைக்கு வந்ததும், முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"டாக்டர் எத்தனை நாள் பொறுக்கச் சொன்னாங்க?"

"ஒரு வாரம். வியாழக்கிழமை முடியுது."

"இன்னும் நாலு நாள்."

"சும்மா பக்கத்துல படுத்துக்கறதுக்கு அவங்க ஒண்ணும் தடை சொல்லல," என்றாள் மார்லிஸ்.