லிஃப்ட்காரர் எழுதிய இங்கிலீஷ் லெட்டர்

நாற்பத்தாறு வயதில் லிஃப்ட்காரருக்கு இங்கிலீஷ் ஆசை வந்துவிட்டது என்று தெருவில் சிரித்தார்கள். ஆசையாவது, மண்ணாவது. மகளுக்கு மாத்திரை கிடைக்கவில்லை, அதனால் படிக்கப் போனார். சிரித்தவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

மகளுக்கு ஒன்பது வயது. ஐந்து வயதில் முதல் வலிப்பு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டோடு சாய்ந்தாள். அப்புறம் நாலு டாக்டர், மூன்று மருந்து, எதற்கும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு வெளிநாட்டு மாத்திரைக்குத்தான் கேட்டது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதற்குப் பிறகு நாலு வருஷம் அந்தச் சனியன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போனாள், சைக்கிள் ஓட்டினாள், அம்மாவோடு வாய்க்கு வாய் பேசி அடியும் வாங்கினாள். பயம் என்று ஒன்று இருந்ததே வீட்டில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

அப்போதுதான் பெரிய நாடுகள் ஒன்றுகூடி இந்த நாட்டின்மேல் பொருளாதாரத் தடை போட்டன. பெரிய மனுஷர்கள் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டார்கள். அதற்கு இங்கே மருந்துக்கடைக்காரர் மூன்று அட்டை எடுத்து வைக்கிற இடத்தில் ஒன்றை வைத்தார்.

"மிச்சத்துக்கு அடுத்த வாரம் பாருங்க சார்."

"ஏன், என்ன ஆச்சு?"

"தடை சார்."

என்ன தடை, யாருக்குத் தடை, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. தெரிந்த விவரமெல்லாம் இங்கிலீஷ் பேப்பரில் இருந்தது. சரி, அதையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று லிஃப்ட்காரர் ஜெராக்ஸ் கடைக்கு மேலே நடந்த சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தார்.

டீச்சருக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. அந்தப் பெண்ணின் முறையே தனி. புத்தகம் கிடையாது. தினம் ஒரு செய்தி, அதிலிருந்து பத்து வார்த்தை. அந்த வருஷம் தடையை விட்டால் வேறு செய்தி ஏது? உலகத்தில் மற்றவர்கள் ஆப்பிள், பந்து, பூனை என்று ஆரம்பிப்பார்கள். இந்த வகுப்பில் ஒரு பஸ் கண்டக்டரும் இரண்டு சமையல்காரர்களும் லிஃப்ட்காரரும் எம்பார்கோ என்றால் தடை, ஃப்ரீஸ் என்றால் முடக்கு, கம்ப்ளை என்றால் கட்டுப்படு, டெர்மினேட் என்றால் முறி என்று கோரஸ் பாடினார்கள். வெளியூர்க்காரன் கேட்டால் ஏதோ அரசாங்க ஆபீஸ் என்று நினைத்து ஓடியிருப்பான்.

படித்ததை வீட்டிலும் விடவில்லை மனுஷன். "என்னம்மா, சாப்பாட்டுல உப்புக்கு எம்பார்கோ போட்டுட்டியா?" என்று கேட்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். மனைவிக்கு மட்டும் சிரிப்பு வராது.

"உங்க இங்கிலீஷ்ல தீயை வைக்க. மாத்திரை எப்ப வரும்னு அதுல சொல்லத் தெரியுமா?"

தெரியாது. ஆனால் ஒரு நாள் டீச்சர் போர்டில் எக்ஸெம்ப்ஷன் என்று எழுதினாள். விதிவிலக்கு. செய்தியை வாசித்து அர்த்தம் சொன்னாள். உணவுக்கும் மருந்துக்கும் இந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு.

லிஃப்ட்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "டீச்சர், அப்ப மருந்துக்குத் தடை இல்லையா?"

"காகிதத்துல இல்லண்ணே. ஆனா எந்த கம்பெனியும் விக்கப் பயப்படறாங்க. எதுக்கு வம்புன்னு ஒதுங்கிக்கிறாங்க."

அவர் காதில் 'இல்லண்ணே' வரைக்கும்தான் விழுந்தது. கம்பெனிக்காரனுக்கு இந்த விலக்கு விஷயம் தெரியவில்லை போலிருக்கிறது, நாமே எழுதிச் சொன்னால் என்ன என்று மனசுக்குள் ஒரு நம்பிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரமே பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்க ஆரம்பித்துப் பதினாறு நாள் ஆகியிருந்தது. பிரேயரில் வரிசையாக நின்ற இடத்திலேயே பிள்ளை விழுந்திருக்கிறாள். நெற்றியில் ஐந்து தையல். "எல்லாரும் பார்த்துட்டாங்கப்பா" என்றுதான் அழுதாள். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றைக்கே கம்பெனிக்கு லெட்டரை ஆரம்பித்துவிட்டார். மூன்று வாரம் எழுதினார். கற்ற வார்த்தை அத்தனையும் உள்ளே போனது. முதல் பக்கத்தில் விதிவிலக்கு, அதன் தேதி, மகளின் வயது, நெற்றித் தையல். இரண்டாம் பக்கத்தில் விவரம்.

இந்த விவரம் எழுதுகிற பழக்கம் லிஃப்ட் ரிப்பேர் தொழிலில் வந்தது. லிஃப்ட்டுக்கு ஒரு ஸ்பேர் கேட்டு ஃபேக்டரிக்கு எழுதினால் மிஷின் நம்பர், வருஷம், எந்த டீலரிடம் வாங்கினது, யார் மாட்டினது எல்லாம் எழுத வேண்டும். ஒன்று விட்டாலும் லெட்டர் குப்பைக்குப் போய்விடும். இருபது வருஷமாக அப்படியே எழுதி, கேட்ட சாமானை வாங்கிக் காட்டியவர். அதனால் மாத்திரைப் பெட்டியில் இருந்த பேட்ச் நம்பரை எழுதினார். ஓரத்தில் ஒட்டியிருந்த வியாபாரியின் பெயரையும் விலாசத்தையும் எழுதினார். மருந்துக்கடைக்காரர் முன்பு பேச்சுவாக்கில் சொன்னதையும் விடவில்லை. பக்கத்து நாட்டில் இருக்கும் அந்த வியாபாரி தன் கடைக்கு என்று சொல்லி வாங்கித்தான் இங்கே அனுப்புகிறார். இப்போது எல்லையில் கெடுபிடி, அதனால் சரக்கு குறைகிறது. 'அவர் மிகவும் நல்லவர். அவரால்தான் இங்கே நாற்பது குடும்பங்கள் பிழைக்கின்றன' என்று நன்றியோடு முடித்தார்.

டீச்சர் வாசித்து நாலு பிழை திருத்தினாள். "பிரமாதம்ணே. நான்கூட இப்படி எழுத மாட்டேன்" என்றாள். மெயிலையும் அவளே அனுப்பிக் கொடுத்தாள்.

பதினோராம் நாள் பதில் வந்தது. ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் ரூமில் கிரீஸ் கையோடு நின்றபடி போனைத் திறந்தார். அகராதி தேவைப்படவில்லை. ஒரு வார்த்தைக்குக்கூடத் தடுக்கவில்லை. தகவலுக்கு நன்றி. எங்கள் கம்பெனி சட்டத்தை முழுமையாக மதிக்கிறது. விலக்கு இருந்தாலும் உங்கள் நாட்டுக்கு விற்பதில்லை என்பது எங்கள் முடிவு. நீங்கள் குறிப்பிட்ட வியாபாரியுடனான ஒப்பந்தத்தை உடனடியாக முறித்துவிட்டோம். உங்கள் மகள் நலம்பெற வாழ்த்துகிறோம்.

வாழ்நாளில் யார் துணையும் இல்லாமல் அவர் வாசித்து முடித்த முதல் இங்கிலீஷ் லெட்டர் அது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கீழே யாரோ லிஃப்ட் எப்போது ஓடும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

டீச்சரிடம் காட்டினார். அவள் முகம் செத்துப்போனது. "நான் பார்த்திருக்கணும்ணே. பிழையை மட்டும்தான் பார்த்தேன்."

"உங்க மேல என்ன தப்பு டீச்சர்? நான் வாய் இருக்குன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன்."

மனைவியிடம் சொல்லவில்லை. "பதில் வந்துச்சாங்க?" என்று அவள் தினம் கேட்டாள். "வரும்" என்றார். கட்டின நாளிலிருந்து அவளிடம் பொய் சொல்லி அறியாதவர்.

அடுத்த வாரம் மருந்துக்கடையில் கூட்டம் இருந்தது. கடைக்காரர் கை விரித்தார். "இனிமே வராது. எவனோ புண்ணியவான் கம்பெனிக்கே எழுதிப் போட்டிருக்கான். அங்க பக்கத்து நாட்டுல அந்த வியாபாரி கடையையே இழுத்து மூடும்படி ஆயிருச்சு."

"அவன் கை விளங்காமப் போக" என்று வரிசையில் ஒரு பெரியவர் சொன்னார். லிஃப்ட்காரர் தலையைக் குனிந்து நின்றார்.

ஆள் குறைந்ததும் கடைக்காரர் அவரை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு அட்டையைக் கையில் திணித்தார். "பாப்பாவுக்குன்னு எடுத்து வச்சேன். இதுதான் கடைசி. வெளிய காட்டாதீங்க."

கொடுத்ததைப் பின்னால் நின்ற ஒரு பெண் பார்த்துவிட்டாள். அவளும் இதே மாத்திரைக்கு வருகிறவள். அவளுடைய தம்பிக்கு. மில்லில் வேலை பார்க்கிறவன், ஓடுகிற மிஷின் பக்கத்தில் விழுந்தால் அவ்வளவுதான். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று லிஃப்ட்காரருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. கொடுக்க மனசு வரவில்லை. பிள்ளை பெற்றவன் கை, சட்டைப் பைக்குள்தான் போனது.

அவள் அவர் கூடவே படியிறங்கி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தார்.

"பிள்ளைக்குத்தானேண்ணே, வாங்கிக்கங்க. நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். "உங்களுக்கு இங்கிலீஷ் எழுத வருமாமே. எங்களுக்கும் அந்த கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கண்ணே. என் தம்பி விவரமெல்லாம் நான் சொல்றேன்."

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. நடுரோடு என்றும் பார்க்கவில்லை, கண்ணில் நீர் வந்துவிட்டது. "எழுதினது நான்தாம்மா. என் பிள்ளைக்குக் கேட்டு எழுதினேன். அதுலதான் எல்லாம் போச்சு."

அவள் கத்தவில்லை. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இன்னொண்ணு எழுதுங்கண்ணே. முன்னாடி எழுதினது பொய், அந்த வியாபாரி இங்க எதுவும் அனுப்பல, எங்களுக்கெல்லாம் ஒரு நோயும் இல்லன்னு எழுதிடுங்க. அப்பவாவது அவருக்குத் திரும்ப மருந்து குடுப்பாங்க. எழுத வருமில்ல?"

வரும். ஒரு பிழை இல்லாமல் வரும்.