ராஜாவின் விரல்

குஞ்சிதபாதம் இறந்து பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அவருடைய மகள் கீர்த்திகா கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, வேறொருவரின் சாவுக்காகப் போனில் வாதாடிக்கொண்டிருந்தாள்.

பேசியது சென்னையிலிருந்து சிலம்பரசன். ஒன்பது மணி நாடகத்தின் கதைக்குழுத் தலைவர். அப்பா போனதற்கு அவர் உண்மையாகவே வருந்தினார். வருந்தி முடித்ததும், நேற்று செத்த வேற்றுக்கிரக ராஜா திங்கட்கிழமை எழுந்து உட்கார வேண்டும் என்றார். சேனல் முடிவு. ராஜாவின் விரல் ஆடுவதோடு இன்றைய பகுதி முடியும், விளம்பரம் காலையிலிருந்தே ஓடுகிறது. எழுந்து உட்காரும் சீனை ராத்திரிக்குள் அனுப்ப வேண்டும்.

இயற்பியல் படித்த கீர்த்திகா இரண்டு வருடமாக அந்த நாடகத்தை எழுதுகிறாள் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்த முதல் வாரத்திலேயே அப்பா, இதை எழுதுகிறவனை டிரான்ஸ்பார்மரில் கட்டித் தொங்கவிட வேண்டும் என்றார்.

அவர் மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாடகத்தில் வரும் காலப் பெட்டி எலுமிச்சம்பழ மாலையின் சக்தியில் ஓடுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரு பியூஸ்கூட இல்லாமல் ஆயிரம் வருஷம் பின்னால் எப்படிப் போவாய் என்று டிவியைப் பார்த்துக் கேட்பார். சில வாரம் கழித்துப் பெட்டியில் பியூஸ் வந்தது. யாரோ விவரமான ஆள் உள்ளே வந்திருக்கிறான் என்று அம்மாவிடம் சொன்னார். அடுத்து எர்த் கம்பி கேட்டார். அதுவும் வந்தது. நிலவு ராணி மூன்று முறை செத்து, மூன்று வேறு பட்டுப்புடவையில் திரும்பி வந்தது மட்டும் அவருக்கு ஆறவே இல்லை.

"செத்தவள எழுப்பிட்டா, அழுதவன் என்ன கேனையனா?"

அதனால் ராஜாவின் சாவை கீர்த்திகா வேறு மாதிரி எழுதினாள். இடி இல்லை, வசனம் இல்லை. ராஜா குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். தண்ணீர் வருவதற்குள் போய்விடுகிறார். நேற்று அதைப் பார்த்த அப்பா விளம்பர இடைவேளையில்கூடப் பேசவில்லை. டிவியை அணைத்துவிட்டு, இதை எழுதினவன் வீட்டில் ஒரு சாவைப் பார்த்திருக்கிறான் என்றார். காலையில் சொல்லிவிடலாம் என்று கீர்த்திகா தூங்கப் போனாள். நாலு மணிக்கு அம்மா வந்து எழுப்பினாள்.

"அவர எழுப்ப முடியாது சார்," என்றாள் இப்போது.

"நீ எழுதலைன்னா வேற ஆள வெச்சு எழுதிருவாங்கம்மா. அப்புறம் உன்னக் கூப்பிடவும் மாட்டாங்க."

"பரவால்ல சார்."

இதுவரை அவள் அவரிடம் எதையும் மறுத்ததில்லை. அப்படியானால் ஆடின விரலை என்ன செய்வது என்று அவர் கேட்டார்.

வீட்டு இன்வெர்ட்டரை அப்பா கழற்றும்போதெல்லாம் அவள் கையைத் தட்டிவிடுவார். அணைத்துவிட்டோம் என்று தொடாதே, உள்ளே கரண்ட் நிற்கும் என்பார்.

"ராஜா காலப் பெட்டி மேல சாஞ்சுதானே கெடக்குறாரு? பெட்டிய நிறுத்துனாலும் உள்ள கொஞ்சம் கரண்ட் மிச்சம் இருக்கும் சார். அதான் விரல் ஆடுது. வேற ஒண்ணுமில்ல."

சிலம்பரசன் யோசித்தார். விரல் ஆடுவதைப் பார்த்து ராஜாவின் மகன் உயிர் இருக்கிறதென்று ஓடி வருவான், அப்புறம் தெரியவரும், அழுகையை ஒரு வாரம் இழுக்கலாம் என்று அவரே கணக்குப் போட்டார். சேனலில் பேசிவிட்டு, ராஜா செத்தபடியே இருக்கட்டும் என்று எட்டரை மணிக்குச் செய்தி அனுப்பினார்.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் நவநீதன் மஸ்கட்டிலிருந்து வந்து சேரக் காலையாகும். அப்பாவோடு வேலை பார்த்த லைன்மேன் முத்தையன் நெடுங்காட்டுக் கடைத்தெருவில் வாங்கிய மாலையோடு வந்தார். மாலையைப் போடுவதற்கு முன் பெட்டியின் பிளக்கை ஆட்டிப் பார்த்தார்.

அப்பாவின் தங்கை பங்கஜவல்லி ஒரு பாட்டம் அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். டிவியின் மேல் போர்வை போட்டிருந்தது. டீ போட்டு எடுத்துவரத் தன் வீட்டுக்குப் போயிருந்த பக்கத்து வீட்டுக் காசியம்மா, அங்கே விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ராஜாவின் விரல் ஆடுகிறது என்று அத்தையின் காதில் சொன்னாள்.

"அப்ப எந்திரிச்சுருவாரு," என்றாள் அத்தை. "எங்கண்ணன் இருந்தா இந்நேரம் டிவிய ஒடச்சிருக்கும்." சொல்லிவிட்டு மறுபடியும் அழுதாள். முன்னைவிட இந்த அழுகையில் சத்தம் குறைவாக இருந்தது.

"எந்திரிக்க மாட்டாரு அத்த," என்றாள் கீர்த்திகா.

"வெரலு ஆடுதாமேடி."

"அது மிச்சக் கரண்ட்டு."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

அம்மா தலை நிமிர்ந்தாள். கீர்த்திகா ஐஸ் பெட்டியின் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தாள். தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

"நான்தான் அத்த அந்த நாடகத்த எழுதுறேன்."

முட்டிவலிக்காகப் போட்டுக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை அத்தை கீர்த்திகாவின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்து என்ன ஆகும் என்று கேட்டாள்.